மின்விசிறிக் கொக்கியில் சொட்டும் மழை: இரண்டு முறை பூசியும் நிற்கவில்லை

முகப்பேர் மாடிவீடு | 17 அக்டோபர் 2024, இரவு 9.40

வணக்கம். 2006இல் கட்டிய தனி வீடு. தரைத்தளம், முதல் தளம், அதன்மேல் 900 சதுர அடி மொட்டை மாடி. கான்கிரீட் தளத்தின்மேல் சுருக்கி (செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) போட்டுத் தட்டோடு பதித்திருக்கிறோம்.

நான்கு ஆண்டுகளாக ஐப்பசி பிறந்தால் கூடத்து மின்விசிறியின் கொக்கியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இறக்கைகளில் விழுந்து மூன்று பக்கமும் வடிவதால் மூன்று வாளிகள் வைக்கிறோம். இந்த வாரத்து மழையில் இரவெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்தோம்.

2021இல் மாடி முழுக்க வெள்ளைப் பூச்சு அடித்தோம். அடுத்த மழையிலேயே ஒழுகியது. 2023இல் வேறொருவர் வந்து, வலைத்துணி வைத்து இரண்டு கை பூசினார். இதுவரை 62,000 ரூபாய் போயிருக்கிறது. இப்போது மூன்றாவதாக வந்தவர், தட்டோடு முழுவதையும் பெயர்த்துவிட்டுத் தார் ஷீட்டை நெருப்பில் வாட்டி ஒட்டவேண்டும் என்கிறார். ஒன்றரை லட்சமாம். செய்யலாமா?

வெண்பூச்சு | 17 அக்டோபர், இரவு 10.15

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இந்தத் தொழிலில் இருப்பவன். நீங்கள் அடித்தது அக்ரிலிக் வகையாக இருக்கும். தண்ணீர் ஓடிப்போகும் இடத்தில் அது நன்றாக உழைக்கும். நாள்கணக்கில் தேங்கும் இடத்தில் ஊறி மெத்தென்று ஆகி, தோலாக உரிந்துவிடும். பாலியூரித்தேன் என்ற ரப்பர் போன்ற பூச்சு அடித்தால் தேங்கும் நீரையும் தாங்கும். மாடியின் அளவையும் படங்களையும் அனுப்புங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.

பழைய பொறியாளர் | 18 அக்டோபர், காலை 6.05

எதையும் வாங்காதீர்கள். முதல் வேலையாக அந்த மின்விசிறி இருக்கும் இணைப்பை மின்பெட்டியில் அணைத்துவிடுங்கள். வாளி வைப்பது அதற்குப் பிறகு.

ஏன் கொக்கியில் சொட்டுகிறது? தளம் போடும்போதே மின்கம்பிகளுக்கான பிளாஸ்டிக் குழாய்களைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிடுகிறோம். அவை எல்லாம் மின்விசிறிப் பெட்டியில் வந்துதான் முடிகின்றன. மாடியில் எந்த மூலையில் நீர் இறங்கினாலும், அந்தக் குழாயை எட்டிவிட்டால் அதன் வழியே 20 அடிகூட ஓடிவந்து பெட்டியில் சொட்டும். கொக்கிக்கு நேர் மேலே மாடியில் ஓட்டையைத் தேடுகிறவர்கள் ஆயுள் முழுக்கத் தேடலாம்.

வெண்பூச்சு சொன்னது பொய்யில்லை. ஆனால் நோய் என்ன என்று கேட்காமல் மருந்தின் விலையைச் சொல்கிறார். எனக்கு இவை தெரியவேண்டும்: மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது? நின்றபின் எத்தனை மணிநேரம் சொட்டுகிறது? மழை இல்லாத நாளில் எப்போதாவது சொட்டியதுண்டா? எல்லா மழைக்கும் சொட்டுகிறதா?

கரணை | 18 அக்டோபர், காலை 7.30

நான் மூன்றாம் தலைமுறைக் கொத்தனார். ஐயா கேட்டவற்றோடு இன்னொன்று: மழை விட்டு இரண்டு மணிநேரம் கழித்து மாடிக்குப் போய்ப் பாருங்கள். எங்கெங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கெல்லாம் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். அதுதான் உங்கள் மாடியின் ஜாதகம்.

நீர் ஓட 10 அடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம், அதாவது சரிவு, வேண்டும், இரண்டு இருந்தால் நிம்மதி. பல வீடுகளில் சுருக்கி போடும்போது வாட்டம் சரியாகத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் ஒருவர் வந்து ஒரு பூச்சு, இன்னொருவர் வந்து கலவை என்று ஏற்றிவிடுவார்கள். கடைசியில் மழைநீர்க் குழாயின் வாய் மேட்டில் நிற்கும், மாடி பள்ளத்தில் கிடக்கும். போன மாதம் அண்ணாநகரில் ஒரு வீடு. குழாய் வாயில் ஒரு பந்து, பாதி மட்கிய வேப்பிலை, அதன்மேல் காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு. அதை எடுத்தவுடன் மாடியே உறிஞ்சிக் குடித்ததுபோல் வற்றியது. கூலியே வாங்கவில்லை, காபி கொடுத்தார்கள்.

முகப்பேர் மாடிவீடு | 18 அக்டோபர், இரவு 8.50

இணைப்பை அணைத்துவிட்டேன், நன்றி ஐயா. பதில்கள்: மழை தொடங்கி ஏறத்தாழ மூன்று மணிநேரம் கழித்துத்தான் சொட்டத் தொடங்குகிறது. நின்றபின் ஒரு நாள் முழுக்கச் சொட்டும். மழை இல்லாத நாளில் சொட்டியதே இல்லை.

கடைசிக் கேள்விக்கு நான் 'ஆம்' என்று எழுதியிருந்தேன், என் மனைவி அதை அடித்துத் திருத்தச் சொன்னார். கோடை மழையில் ஒழுகுவதில்லையாம். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். ஆவணி, புரட்டாசியில் மாலை நேரத்தில் இடியோடு கொட்டும் மழைக்கு ஒரு சொட்டுக்கூட விழுந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும்தான். அது மழையின் அளவைப் பொறுத்தது என்று நினைத்துவிட்டேன்.

சாக்குக்கட்டிக் கோடும் போட்டேன். தென்மேற்கு மூலையில் ஒரு முறம் அளவுக்கு மட்டும் நீர் நின்றது.

பழைய பொறியாளர் | 19 அக்டோபர், காலை 5.50

உங்கள் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பாதி வேலையை அவர் முடித்துவிட்டார்.

சென்னையில் கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். வடகிழக்குப் பருவமழை காற்றோடு சேர்ந்து கடல் பக்கமிருந்து வரும். தரையில் விழும் நீர் இரண்டுக்கும் ஒன்றுதான். சுவரில் அடிக்கும் நீர்தான் வேறு. ஒரு பருவத்தில் மேற்குச் சுவர் நனைகிறது, மறு பருவத்தில் கிழக்கும் வடக்கும். உங்கள் தளம் ஒழுகவில்லை என்று சந்தேகப்படுகிறேன். கைப்பிடிச் சுவர்தான் குடிக்கிறது.

சந்தேகம் போதாது. நான்கு வெயில் நாள் கிடைத்தால் சோதியுங்கள். குழாய் வாய்களை ஈரச்சாக்கால் அடைத்து, களிமண்ணால் வரப்பு கட்டி, மாடியை நான்கு பாத்திகளாகப் பிரியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி, இரண்டு அங்குல நீர், 24 மணிநேரம். அதற்குமேல் உயரம் வேண்டாம். ஒரு சதுர அடிக்கு அதுவே ஐந்து கிலோவை நெருங்கும். நான்கும் ஒழுகாவிட்டால் ஐந்தாவதாகச் சுவர். ரப்பர் குழாயால் கிழக்குச் சுவரின் வெளிமுகத்தை மட்டும் மூன்று மணிநேரம் நனையுங்கள்.

வெண்பூச்சு | 19 அக்டோபர், காலை 10.20

ஐயா, இத்தனை சோதனைக்கு யாருக்குப் பொறுமை இருக்கிறது? நாங்கள் சோதனை செய்யலாம் என்று சொன்னால், "பூசிவிட்டுப் போ" என்கிறார்கள். மழை பெய்யும்போதுதான் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். ஈரத்தளத்தில் பூசினால் பிடிக்காது என்றால், அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். குற்றம் எங்கள்மேல் மட்டும் இல்லை.

பழைய பொறியாளர் | 19 அக்டோபர், காலை 10.45

இதை ஒப்புக்கொள்கிறேன். பங்குனி, சித்திரையில் செய்யவேண்டிய வேலையை ஐப்பசியில் கேட்கிறோம்.

காரைவீட்டுக்காரி | 19 அக்டோபர், பிற்பகல் 3.10

காரைக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு பகுதி மெட்ராஸ் ஒட்டு. தேக்கு உத்தரங்களுக்கு மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டியது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்களாம். கட்டை துள்ளும் வரை தட்டவேண்டும் என்று அப்பத்தா சொல்வார்.

அந்தப் பகுதி இன்றும் ஒழுகவில்லை. 1990களில் சேர்த்த கான்கிரீட் அறைதான் ஒழுகுகிறது. பழையதைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. பழைய ஒட்டையும் ஒருமுறை கெடுத்தோம்: கிழக்கு மூலையில் முளைத்த அரசங்கன்றை ஒவ்வொரு பொங்கலுக்கும் மேலோடு ஒடித்துவிட்டுத் திருப்தியாக இருந்தோம். ஆறாம் ஆண்டு அதன் வேர் சுவருக்குள் கைவிரல் கனத்துக்கு இறங்கியிருந்தது. நான்கு வரிசைச் செங்கல்லைப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

இன்னொன்று, அந்த ஒட்டின்மேல் சிமென்டுப் பூச்சுப் போடாதீர்கள். சுண்ணாம்பும் சிமென்டும் ஒன்றாக அசையாது. நடுவில் இடைவெளி விட்டு அதில் நீர் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கு ஒருவர் அப்படிச் செய்துவைத்து, பிறகு சுரண்டி எடுத்தோம்.

உப்புக்காற்று | 19 அக்டோபர், இரவு 7.25

தூத்துக்குடியிலிருந்து. 2023 டிசம்பர் மழையை நாங்கள் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் ஏறத்தாழ 88,000 லிட்டர் விழுந்திருக்கிறது. ஏழு தண்ணீர் லாரி நீரை ஒரு மாடியில் கொட்டியது போல. எங்கள் மாடிக்கு இரண்டே குழாய்கள், இரண்டும் மூன்று அங்குலம். கைப்பிடிச் சுவருக்குள் முழங்கால் நீர் நின்றது, மாடிப்படி வழியாக வீட்டுக்குள் அருவியாக இறங்கியது. இப்போது நான்கு அங்குலக் குழாய் நான்கு வைத்துவிட்டோம். அவை அடைத்தாலும் நீர் வெளியேற, கைப்பிடிச் சுவரில் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் இரண்டு துளைகளும் விட்டிருக்கிறோம்.

ஆனால் என் கேள்வி வேறு. படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கம் பூச்சு உப்பி, கட்டியாகப் பெயர்ந்து விழுகிறது. உள்ளே கம்பி செந்நிறத்தில் செதில் செதிலாக இருக்கிறது. மேலே பூச்சு அடித்தால் நின்றுவிடுமா?

பழைய பொறியாளர் | 20 அக்டோபர், காலை 6.10

நிற்காது. அந்தக் கட்டிலை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

இரும்பு துருப்பிடித்தால் இருந்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் கான்கிரீட் வெடித்து விழுகிறது. பெயர்ந்த துண்டை எடுத்துக் கம்பிக்குக் கீழே எத்தனை கனம் இருந்தது என்று அளந்து பாருங்கள். உள்நாட்டிலேயே 20 மில்லிமீட்டராவது வேண்டும், கடற்கரையில் அதைவிட நிறைய. தளம் போடும் நாளில் கம்பிக்கு அடியில் வைக்கவேண்டிய சிறு கலவைக் கட்டைகளை வைக்காமல், ஜல்லிக்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆட்கள் மிதித்தவுடன் கல் நழுவிக் கம்பி பலகையில் படுத்துவிடும்.

அடுத்த குற்றம் தண்ணீர். ஒரு மூட்டை சிமென்டுக்கு 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாத கலவையில், கொட்ட எளிதாக இருக்கும் என்று வாளி வாளியாக ஊற்றுவார்கள். மிச்ச நீர் ஆவியாகிப் போன வழியெல்லாம் நுண்துளை. உப்புக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். கம்பியைச் சுத்தம் செய்து, தேய்ந்த இடத்தில் புதுக்கம்பி கட்டி, அதற்கான கலவையால் மூடவேண்டும். படம் பார்த்து யோசனை சொல்லும் வேலை இது இல்லை.

மேல்தளவாசி | 20 அக்டோபர், காலை 11.00

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அடுக்குமாடியில் நான்காம் தளம், எங்களுக்கு மேலேயும் ஒரு வீடு உண்டு. குளியலறைக் கூரை வெயில் காலத்திலும் சொட்டுகிறது. மொட்டை மாடியிலிருந்து வரும் ஒழுகலா?

கரணை | 20 அக்டோபர், பிற்பகல் 1.15

வெயிலில் ஒழுகினால் அது மழை இல்லை, மேல்வீட்டுக் குளியலறை. பெரும்பாலும் நகானி டிராப்பின் (குளியலறைத் தரையில் நீர் வெளியேறும் வாய்) கழுத்து. தளத்துக்கும் அதற்கும் நடுவே கலவை பிடிப்பு விட்டு இடைவெளி விழுந்திருக்கும். மேல்வீட்டுக்காரரோடு சண்டைக்குப் போகாமல், இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். சொட்டு குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

இதையும் சேர்த்துச் சொல்கிறேன், தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் போல்ட்டுக்கான துளையை அலையின் மேட்டில்தான் போடவேண்டும். பள்ளத்தில் போட்டால் ஓடும் நீரெல்லாம் அதில் இறங்கும். ஆணியால் குத்தி ஓட்டை போட்டவர் யாராக இருந்தாலும் இனி அவரைக் கூப்பிடாதீர்கள்.

முகப்பேர் மாடிவீடு | 9 நவம்பர், இரவு 10.30

மழை இடைவெளி கொடுத்ததால் சோதனை முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பாத்தி, நான்கு நாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. தென்மேற்கு மூலைப் பாத்தியும் ஒழுகவில்லை. அதாவது 62,000 ரூபாயை ஒழுகாத இடத்தில் கொட்டியிருக்கிறேன். நான்காம் நாள் மாலை, வரப்பைக் கலைத்துக்கொண்டே அப்பா ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "சபாஷ்."

இன்று காலை 8 மணிக்குக் கிழக்குச் சுவரின் வெளிமுகத்தை நனைக்கத் தொடங்கினோம். பக்கத்து வீட்டில் கேட்டு, அவர்கள் மாடியிலிருந்து பீய்ச்சினோம். 10 மணி, ஒன்றுமில்லை. 10.40க்கு என் மகள் கீழிருந்து கத்தினாள். கொக்கியைச் சுற்றி முதலில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈர வட்டம், பிறகு ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. ஒழுகியதற்காகக் கைதட்டிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிறகு வெளிப்பக்கம் ஏணி வைத்துப் பார்த்தோம். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மட்டத்தில் 12 அடி நீளத்துக்குத் தலைமயிர் கனத்தில் படுக்கைவசமாக ஒரு கோடு. அதற்கு நான்கு விரற்கடை மேலே மூன்று துளைகள். இணையக் கம்பி இழுக்க வந்தவர்கள் கொக்கி அடித்துவிட்டு, பிறகு இடம் மாற்றியபோது அப்படியே விட்டுப்போயிருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் அந்த இணைப்பு வாங்கினோம்.

பழைய பொறியாளர் | 10 நவம்பர், காலை 6.00

இப்போது எல்லாம் பொருந்துகிறது. துளையிலும் கோட்டிலும் நுழைந்த நீர் செங்கல்லுக்குள் இறங்கி, தட்டோட்டுக்குக் கீழே சுருக்கியில் ஊறி, மெல்ல நகர்ந்து, எங்கோ ஒரு மயிர்ப்பிளவு வழியாகக் குழாயை எட்டியிருக்கிறது. மூன்று மணிநேரத் தாமதம் அதனால்தான். சுருக்கி பஞ்சுபோல நீரை வைத்திருப்பதால்தான் மழை விட்டும் ஒரு நாள் சொட்டுகிறது. நீங்கள் மேலே அடித்த இரண்டு பூச்சும் அந்த ஈரத்தை உள்ளே மூடிவைத்துக் காய விடாமல் செய்திருக்கும்.

அந்தக் கோட்டுக்கு யாரையும் திட்டவேண்டாம். 30 அடி நீளக் கான்கிரீட் தளம், விடியற்காலைக்கும் நண்பகலுக்கும் 30 டிகிரி வேறுபாடு இருந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளும். மேலே நிற்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது. நாள்தோறும் இந்த இழுபறி. கோடு விழாமல் இருந்தால்தான் வியப்பு.

கரணை | 10 நவம்பர், காலை 8.20

அண்ணா, செய்யவேண்டியது இதுதான். வெளிப்பக்கக் கோட்டை அப்படியே பூசி மறைக்காதீர்கள், ஒரே கோடையில் திரும்ப வரும். கோட்டின் மேலும் கீழும் நான்கு அங்குலம் பூச்சைக் கொத்தியெடுத்து, பிளவை உளியால் அகலப்படுத்தி, தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு நனையுங்கள். பாலிமர் சேர்த்த கலவையை அழுத்தி நிரப்பி, மேலே வலை வைத்துப் பூசவேண்டும். துளைகளிலும் அதே கலவை, அடிவரை.

உள்பக்கம் சுவரும் மாடியும் சேரும் மூலை கூர்மையாக இருக்கும். அதில் கலவையைக் கையளவு வளைவாக இழைத்துவிட்டு, பூச்சைச் சுவரில் ஓர் அடி உயரம் ஏற்றுங்கள். மூலையோடு நிறுத்திய பூச்சு, கழுத்துவரை மட்டும் போர்த்திய மழைக்கோட்டு மாதிரி. சுவரின் தலையையும் பாருங்கள். தட்டையாக இருந்தால் மாடிப் பக்கம் சரிவாகப் பூசிவிடுங்கள். ஏழு நாளாவது ஈரச்சாக்குப் போட்டு வையுங்கள். ஆள் கிளம்பிய மறுநாளே சாக்கு காய்ந்து கிடப்பதைத்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறேன்.

வெண்பூச்சு | 10 நவம்பர், காலை 9.00

மூலைக்கு மட்டும் பாலியூரித்தேன் போதும், 12 அடிக்கு ஒரு சிறிய டப்பா. நான் வியாபாரம் பேசவில்லை, எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்தபின் அடியுங்கள்.

முகப்பேர் மாடிவீடு | 21 நவம்பர், மாலை 6.40

வேலை முடிந்தது. கொத்தனார், சித்தாள் கூலி இரண்டு நாளுக்கு, பொருள் எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். சாக்கை அப்பாதான் காலையும் மாலையும் நனைத்தார். மாடியை நான் மேற்பார்வையிட்டேன்.

முகப்பேர் மாடிவீடு | 2 டிசம்பர், காலை 7.15

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. கரை கடந்தது புதுச்சேரிப் பக்கம் என்றாலும், சனிக்கிழமை முழுக்க இங்கே மழை சுவரில் அறைந்துகொண்டே இருந்தது. மின்விசிறிக்குக் கீழே தரையில் செய்தித்தாளை விரித்துவைத்தோம். மூன்று மணிநேரத்துக்குப் பிறகு பார்த்தோம், ஆறு மணிநேரத்துக்குப் பிறகு பார்த்தோம். இன்று காலை அந்தத் தாளை மடித்து எடுத்தேன். மொறுமொறு என்று இருந்தது.

ஆனால் நேற்றுக் காலை மாடிப்படியின் மேல் நான்கு படிகளில் நீர். கதவு மூடித்தான் இருந்தது.

பழைய பொறியாளர் | 2 டிசம்பர், காலை 7.20

மாடிக்கதவுக்கு நிலைப்படி எவ்வளவு உயரம்?

முகப்பேர் மாடிவீடு | 2 டிசம்பர், காலை 7.31

ஓர் அங்குலம் இருக்கும். இரண்டு முறை மாடியில் பூச்சு ஏற்றியதில் அதுவும் பாதி மறைந்துவிட்டது.

கரணை | 2 டிசம்பர், காலை 7.33

கதவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது அண்ணா?

முகப்பேர் மாடிவீடு | 2 டிசம்பர், காலை 7.34

கிழக்கு.